நடையை நிறுத்தாதே, சேகர்

ராயபுரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் சந்தோஷம். ஆனால் கடைசியில், "இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நடக்கிறேன், எடை இறங்கவே இல்லை, விட்டுவிடலாமா என்றிருக்கிறது" என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனசை அரிக்கிறது.

ரத்தக்குழாய்ச் சுவருக்குள் கெட்ட கொழுப்பு புகுந்தால், அதை அகற்ற மோனோசைட் என்ற வெள்ளையணுக்கள் உள்ளே போகின்றன. அங்கே மேக்ரோஃபேஜ்களாக மாறிக் கொழுப்பை விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி உப்பி, அங்கேயே தங்கி அழற்சியை வளர்க்கின்றன. இப்படிச் சுவரில் சேரும் படிவு கிழிந்து ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. ஆகவே இந்த அணுக்கள் தேவைக்கு மேல் ரத்தத்தில் சுற்றுவது உனக்கு நல்லதில்லை.

இவை எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. பாஸ்டனில் மத்தியாஸ் நாரெண்டார்ஃப் குழுவினர் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எலிக்கூண்டுக்குள் சக்கரத்தை வைத்து, இஷ்டம்போல் ஓடவிட்டார்கள். 6 வாரம் ஓடிய எலிகளின் மஜ்ஜையில் வெள்ளையணு உற்பத்தி தணிந்திருந்தது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்ததுதான் காரணம். அது குறைந்தால், ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை அடக்கி வைக்கும் பொருட்கள் மஜ்ஜையில் கூடுகின்றன. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? கிருமித் தொற்று வந்தபோது அதே எலிகள் வேண்டிய அணுக்களைக் குறைவில்லாமல் உண்டாக்கின. வீண் உற்பத்திதான் நின்றது. ஓட்டத்தை விட்ட பிறகும் சில வாரம் பலன் இருந்தது. அடைப்பு நோய் உள்ள மனிதர்களிலும், உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு வெள்ளையணுக்கள் குறைவாகவே இருந்தன. இதையெல்லாம் எடை மெஷின் காட்டாதுடா.

லண்டன் மாடி பஸ்களில் ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953லேயே எழுதிவிட்டார். மஜ்ஜைக்குள் என்ன நடக்கிறது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

நான் விடியற்காலையில் கல்மண்டபம் பக்கத் தெருக்களில் நடந்து, ராபின்சன் பூங்காவில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கமே போவதில்லை. டீசல் புகையின் நுண்துகளும் இதே அழற்சியைத்தான் கிளறும். காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு வரும் பெண்கள் என்னைவிட வேகமாக நடக்கிறார்கள், அவர்கள் பின்னாலேயே போனால் கால் தானாக எட்டிப்போடுகிறது.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உன் டாக்டர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவு நட. நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தால் உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போ. அப்புறம், நடக்கிறோமே என்று மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. உன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம்.

உன்,
தாஸ்