லோகாயுக்தா பற்றிக் கேட்டிருந்தாய்

பெங்களூரு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். நான் வராததற்கு முட்டிவலியைத் தவிர வேறு காரணம் இல்லை. ரயிலில் மேல் படுக்கைதான் கிடைத்தது. அதில் ஏறி இறங்குகிற வயதா நமக்கு? இங்கே அல்சூரில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. சின்னவள் வேலை மாறிவிட்டாள், சம்பளம் கூடுதல், தூக்கம் குறைச்சல். மற்றபடி வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்கிறார்கள் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "உங்க ஊர் லோகாயுக்தா மாதிரி ஒண்ணு இங்கேயும் உருப்படியா இருந்தா இவ்வளவு துணிச்சல் வருமா?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேறு வேறு காரியம். முதலில் பட்டாவை முடித்துவிடுவோம்.

அதற்கு, அமைச்சர்கள், அதிகாரிகள் மேல் வரும் ஊழல் புகார்களை விசாரிக்க மாநிலம் அமைக்கிற லோகாயுக்தா வரை போக வேண்டாம். உன் மாவட்டத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை ஆபீஸ் இருக்கிறது. ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன்னால் அங்கே போ. புகாரை எழுதி வாங்கி, நீ கொடுக்கப் போகிற நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பொடியைத் தடவிக் கொடுப்பார்கள். பேப்பரில் தினமும் வருகிறதே, 'ரசாயனம் தடவிய நோட்டு', அதேதான். சாட்சிக்கு வேறு துறை ஊழியர்கள் கூட வருவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும். அந்தத் தண்ணீரையே பாட்டிலில் ஊற்றி சீல் வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்தவனுக்குத்தான் தப்பிக்க வழி உண்டு. 'கொடுத்துத் தொலைத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதே.

இனி உன் பெரிய கேள்வி. அதே 2018 திருத்தத்தில் 17ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உன் கிராம நிர்வாக அலுவலரைக் கையும் களவுமாகப் பிடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் ஒரு அதிகாரியோ அமைச்சரோ கோப்பில் கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவை விசாரிக்க வேண்டுமென்றால், முன்கூட்டியே அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சட்டைப்பையில் பணம் வாங்குகிறவன் மாட்டுகிறான், டெண்டரில் வாங்குகிறவன் மாட்டுவதில்லை என்று நீ அலுத்துக்கொள்வாயே, அதற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. நம் லஞ்ச ஒழிப்புத் துறை 1964-லிருந்து இருக்கிறது. நல்ல அதிகாரிகளும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அது அரசாங்கத்தின் துறை. 2018 அக்டோபரில், நெடுஞ்சாலை டெண்டர் விவகாரத்தில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீதான புகாரை சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியதே, அன்றைய வாதமே இதுதான்: முதல்வருக்குக் கீழே இருக்கிற துறை முதல்வரை எப்படி விசாரிக்கும்? 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி மட்டும் ரத்தாகவில்லை, அது யார் ஆட்சியிலும் அப்படியே நிற்கிறது.

இதற்குத்தான் அரசாங்கத்துக்கு வெளியே ஒரு அமைப்பு வேண்டும் என்று 1966-ல் மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்தக் குழு மத்தியில் லோக்பாலையும் மாநிலங்களில் லோகாயுக்தாவையும் சிபாரிசு செய்தது. முதல் மசோதா 1968-ல் வந்தது. நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2013 டிசம்பரில். நடுவில் நமக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது! நம்மூரும் சும்மா இருந்ததில்லை. 1973-ல், கருணாநிதி முதல்வராக இருந்தபோதே, பதவியில் இருப்பவர்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கத் தனி ஆணையர் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1977-ல் அது ரத்தாகிவிட்டது. முதலமைச்சரும் 'பொது ஊழியர்'தான் என்று உச்ச நீதிமன்றம் 1979-ல் சொன்னதும் கருணாநிதி வழக்கில்தான். அப்புறம் நாற்பது வருஷம் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு மாநிலமும் ஒரு வருஷத்துக்குள் லோகாயுக்தா அமைக்க வேண்டும் என்று மத்தியச் சட்டத்தில் எழுதியிருந்தும், உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான், 2018 ஜூலை 9-ஆம் தேதி நம் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. இதில் பலம் இல்லை என்று தி.மு.க. அன்று வெளிநடப்புச் செய்தது. 2021-ல் அவர்களே ஆட்சிக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு அதே சூட்டோடு என் காதில் விழவில்லை.

எங்கள் ஊர்க் கதையை நீ பொறாமையோடு பார்க்கிறாய். பாதிதான் உனக்குத் தெரியும்.

கர்நாடகச் சட்டம் 1984-ல், ராமகிருஷ்ண ஹெக்டே காலத்தில் வந்தது. அதன் பலம் ஒன்றே ஒன்று: லோகாயுக்தாவுக்கென்று ஒரு போலீஸ் பிரிவு. விதான சௌதாவுக்கு எதிரே எம்.எஸ். பில்டிங்கில் ஆபீஸ். ஒரு படிவத்தில் புகாரை எழுதி, இன்னொரு படிவத்தில் பிரமாணப் பத்திரம் வைத்துக் கொடுத்தால் பியூனிலிருந்து மந்திரி வரை யார் மேலும் விசாரணை வரலாம். ஆனால் 2001-ல் வெங்கடாசலா லோகாயுக்தாவாக (தலைமையில் உட்காருகிறவருக்கும் அதே பெயர்தான்) வரும் வரை தெருவில் போகிறவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மனிதர் உச்ச நீதிமன்றத்து முன்னாள் நீதிபதி, டி.வி. கேமராக்கள் பின்னால் வர, ஆஸ்பத்திரிக்குள்ளும் அரசு ஆபீசுக்குள்ளும் திடீரென்று நுழைந்து கேள்வி கேட்பார். கொஞ்சம் நாடகம்தான். ஆனாலும் எங்கள் பேக்டரி கேன்டீனில் பத்து நாள் அதையே பேசுவோம்.

அவருக்குப் பிறகு வந்த சந்தோஷ் ஹெக்டே நாடகம் ஆடவில்லை. 2010-ல் உத்தர கன்னட மாவட்டத்தில், பெலிகேரி துறைமுகத்தில், திருட்டுத்தனமாக வெட்டிய இரும்புத் தாதுவை அதிகாரிகள் கைப்பற்றி வைத்தார்கள். வைத்த இடத்திலிருந்தே சுமார் 5 லட்சம் டன் காணாமல் போய்விட்டது. யோசித்துப் பார், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிற சாமானா அது? லாரி லாரியாய் அள்ளி, கப்பலில் ஏற்றி, கடல் தாண்டிப் போயிருக்கிறது. கடைசியில் நடவடிக்கை யார் மேல் பாய்ந்தது தெரியுமா? அந்தத் தாதுவைப் பிடித்த வனத்துறை அதிகாரி கோகுல் மேல். அவரை சஸ்பெண்ட் செய்ததும் ஹெக்டே ராஜினாமா கடிதத்தை நீட்டினார். பா.ஜ.க. மூத்த தலைவர் அத்வானி பேசிய பிறகுதான் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் ஜூலையில், ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு, இணைப்புகளோடு 25 ஆயிரம் பக்கத்துக்கு மேல் சுரங்க அறிக்கையைக் கொடுத்தார். அரசுக்கு 16,085 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்கு. அந்த மாதக் கடைசியில் எடியூரப்பா முதல்வர் பதவியை விட்டு இறங்கினார். (சுரங்கக் கம்பெனி நன்கொடை வழக்கில் 2016-ல் சி.பி.ஐ. தனி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.) பெலிகேரி வழக்கில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குத் தண்டனை கிடைத்தது 2024 அக்டோபரில். அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்துவிட்டது. எங்கள் ஊர் நீதியின் வேகம் இது.

இதுவரை நீ கேள்விப்பட்டிருப்பாய். மீதியைக் கேள்.

ஹெக்டேவுக்கு அடுத்து வந்த நீதிபதி, வீட்டு மனை ஒதுக்கீட்டில் புகார் கிளம்பியதும் ஒன்றிரண்டு மாதத்தில் விலகிவிட்டார். நாற்காலி ஒரு வருஷத்துக்கும் மேல் காலி. பிறகு வந்தவர் பாஸ்கர் ராவ். 2015-ல், ரெய்டு வராமலிருக்க ஒரு கோடி கொடு என்று லோகாயுக்தா ஆபீசிலிருந்தே ஒரு இன்ஜினீயரிடம் கேட்டதாகப் புகார் வெடித்தது. அந்த விவகாரத்தில் கைதானவர் லோகாயுக்தாவின் மகன். அப்பா அந்த டிசம்பரில் ராஜினாமா செய்தார். இதில் நான் மெச்சுகிற ஆள் ஒருவர் உண்டு. புகாரை அமுக்காமல் எழுத்தில் கொண்டுபோனவர் லோகாயுக்தா போலீசிலேயே சூப்பிரண்டாக இருந்த சோனியா நாரங். மேலே இருக்கிறவரின் வீடு வரை போகிற விஷயத்தைக் கீழே இருக்கிற ஒருவர் பதிவு செய்வது என்பது நம் நாட்டில் சின்னக் காரியமா?

அரசாங்கத்துக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? 2016 மார்ச்சில், சித்தராமையா ஆட்சியில், ஊழல் தடுப்புப் படை என்று அரசுக்குக் கீழே புதிதாக ஒன்றை வைத்து, லோகாயுக்தாவின் போலீஸ் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். பெயர்ப்பலகை இருந்தது, நீதிபதி இருந்தார், கார் இருந்தது. கை மட்டும் இல்லை. 2018 மார்ச்சில் தன் புகார்களை மூடிவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் ஒருவர், லோகாயுக்தா விஸ்வநாத் ஷெட்டியை அவர் அறைக்குள்ளேயே போய்க் கத்தியால் குத்தினார். நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். 2022-ல் உயர் நீதிமன்ற நீதிபதி சந்தேஷ் இந்தப் புதுப் படையை 'கலெக்‌ஷன் சென்டர்' என்றே சொல்லிவிட்டார். அந்த ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் படையையே ரத்து செய்து, போலீஸ் பிரிவைத் திருப்பிக் கொடுத்தது. ஏழே மாதத்தில், 2023 மார்ச்சில், அன்றைய ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரின் மகனை 40 லட்சம் ரூபாயோடு பிடித்தார்கள். எதற்கு வாங்கிய பணம்? மைசூர் சாண்டல் சோப்பு செய்கிற அரசுக் கம்பெனியின் டெண்டருக்கு. அப்பாதான் அதற்குச் சேர்மன்.

இப்போது நான் சொல்ல வந்தது. தலைமையில் யார் உட்காருகிறார், தேர்வுக் குழுவில் முதல்வர் இருக்கலாமா, எதிர்க்கட்சித் தலைவர் ஒப்புக்கொண்டாரா என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். நானும் ரொம்ப காலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ரெய்டுக்குப் போவது நீதிபதி இல்லை, இன்ஸ்பெக்டர். அந்த இன்ஸ்பெக்டர் டெபுடேஷனில் வருகிறார். இரண்டு மூன்று வருஷம் கழித்து அவர் திரும்பிப் போக வேண்டிய இடம் உள்துறை. அவர் புரமோஷன், அடுத்த ஸ்டேஷன், பிள்ளை படிக்கிற ஊர், எல்லாம் யாரை விசாரிக்க வேண்டுமோ அவர்கள் கையில். 2024-ல் சித்தராமையா மேலேயே முடா (மைசூரு நகர வளர்ச்சிக் கழகம்) மனை ஒதுக்கீட்டு விவகாரத்தில் லோகாயுக்தா போலீஸ் விசாரித்தது. ஆதாரம் இல்லை என்று 2025 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அது சரியான அறிக்கையாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெரு டீக்கடையில் ஒருத்தன்கூட நம்பவில்லை. சுதந்திரம் இல்லாத விசாரணையில் நிரபராதிக்கும் நஷ்டம்தான்: விடுதலையானாலும் சந்தேகம் விலகாது.

கேரளா வேறு பாடம். அங்கே லோகாயுக்தா 'இவர் பதவியில் இருக்கக் கூடாது' என்று சொன்னால் இறங்கியே ஆக வேண்டும் என்று 1999 சட்டத்தில் 14-ஆம் பிரிவு இருந்தது. உறவினர் நியமன விவகாரத்தில் 2021 ஏப்ரலில் அமைச்சர் ஜலீல் விலக வேண்டி வந்தது. மறு வருஷமே அந்தப் பிரிவைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2024-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்துவிட்டது. கட்சிகளின் நிறம்தான் ஊருக்கு ஊர் வேறு.

உருப்பட்ட உதாரணம் ஒன்று சொல் என்றால் ஹாங்காங்கைச் சொல்வேன். 1973-ல் காட்பர் என்ற பெரிய போலீஸ் அதிகாரி, விசாரணை நடக்கும்போதே விமானம் ஏறி ஓடிவிட்டார். மறு வருஷம் ஊழல் விசாரணையைப் போலீசிடமிருந்து பிடுங்கி, நேரே கவர்னரிடம் பொறுப்புச் சொல்கிற தனி ஆணையம் வைத்தார்கள். ஆட்களைத் தானே எடுத்தது, தானே பயிற்சி கொடுத்தது. 1977-ல் போலீஸ்காரர்கள் அந்த ஆபீசுக்குள்ளேயே புகுந்து அடித்தார்கள். கவர்னர் பழைய வழக்குகளில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் சமாளித்தார். ஆனால் அமைப்பைக் கலைக்கவில்லை. எனக்குப் பிடித்த அம்சம் இன்னொன்று: அரசாங்கத்தில் இல்லாத ஆட்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு குழு, விசாரணைகள் எப்படிப் போகின்றன, எதை ஏன் மூடுகிறார்கள் என்று பார்க்கிறது. அப்படி ஒரு குழு பெங்களூரில் இருந்திருந்தால் 2015 அவ்வளவு தூரம் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். ரிட்டையர் ஆகி சும்மாதானே இருக்கிறாய், தகவல் உரிமை மனு எழுதுவதில் நீ கெட்டிக்காரன் வேறு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தமிழ்நாடு லோகாயுக்தாவுக்கு ஒரு மனு போடு. தலைவர் யார், உறுப்பினர்கள் யார் என்றெல்லாம் கேட்காதே, அது பேப்பரிலேயே வரும். விசாரணை செய்கிற ஊழியர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் வேறு துறையிலிருந்து டெபுடேஷனில் வந்தவர்கள், எந்தத் துறை, எத்தனை வருஷத்துக்கு என்று மட்டும் கேள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து எனக்கு அனுப்பு. இதே கேள்வியை நான் இங்கே எம்.எஸ். பில்டிங்கிலும் போடுகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். போன தடவை அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்றும் சொல்.

அன்புடன்,
உன் சங்கரன்