பேபி என்று டைட்டிலில் வந்த மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

சித்தப்பா எடுக்கப் போகும் படத்துக்கு உன் சேமிப்பிலிருந்து பணம் போடலாமா என்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதுவும் நல்லதுதான், எனக்கும் யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. அதோடு இன்னொன்றும் சொன்னாய்: "நான் நடிப்பைப் பாதியில விட்டுட்டு வந்தவதானேம்மா, குடும்பத்துக்குப் பட்ட கடன்னு நினைச்சுக்கறேன்." பணத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இந்தக் கடன் பேச்சை முதலில் தீர்த்துவிடலாம். நீ யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை.

உன் தாத்தா சின்னப் பையனாக பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். பையன்களை மட்டும் வைத்து நாடகம் போடும் கம்பெனிகள் பல அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான். பாட்டும் வசனமும் நடையும் அங்கே அடித்தாவது சொல்லிக்கொடுத்தார்கள், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தாத்தாவுக்கு வருஷக்கணக்கில் கிடைத்த சம்பளம் சாப்பாடும் துணியும்தான். ஸ்திரீபார்ட் என்று பெண் வேஷம் கட்டிக் கூட்டத்தை இழுத்தவரை, மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் எடுபிடி வேலைக்குத் தள்ளினார்கள். கொட்டகையில் எவ்வளவு வசூல் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

கேட்காமல் இருக்கும் அந்தப் பழக்கம் அவரோடு சினிமாவுக்கும் வந்தது. கொஞ்சம் பெயர் கிடைத்ததும் சொந்தப் படம் எடுத்தார். சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து என்று அரசு அறிவித்ததே 1998இல்தான். அதற்கு முன்னால் எந்த வங்கியில் போய்ப் படத்துக்குக் கடன் கேட்பது? பைனான்சியர்தான் கதி. நெகட்டிவ் லேபில் இருக்கும். தன் பாக்கி தீராமல் பிரிண்ட் போடக் கூடாது என்று லேப் லெட்டர் வாங்கிக்கொண்டுதான் பைனான்சியர் பணத்தை எடுப்பார். ஷூட்டிங் நின்றாலும் வட்டி நிற்காது. ஏரியா வாரியாகப் படத்தை விற்று, விநியோகஸ்தர் பணம் வந்து, கணக்கு தீர்ந்தால்தான் படப்பெட்டி தியேட்டருக்குப் போகும். தாத்தா படத்தைப் பேசி வைத்திருந்தவர்களில் சிலர் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். ரிலீஸுக்கு முந்தின ராத்திரி வடபழனி வீட்டுப் பத்திரம் கைமாறியது.

நான் மருமகளாக வந்த புதுசு. காப்பி கொடுக்கப் போனவள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன வட்டி, எந்தத் தேதிவரைக்கும், வீடு போன பிறகு நெகட்டிவ் உரிமை யாரிடம் இருக்கும் என்று நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. எதிரே இருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. படம் நல்ல படம்தான். தாத்தாவின் நடிப்பைப் பார்த்தவர்கள் இன்னும் என்னிடம் சொல்கிறார்கள்.

நீ நடிக்க வந்தபோது எனக்கு டப்பிங் தியேட்டரில் கற்ற ஒரு பாடம் கைகொடுத்தது. மீதிச் சம்பளத்தை டப்பிங் பேசுவதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டும். பேசி முடித்துவிட்டால் நம் கையில் பிடி எதுவும் இருக்காது. உன் விஷயத்தில் அதை ஒரு படத்துக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வந்த பணம் உன் பெயரில் தபால் ஆபீஸுக்குப் போனது. எவ்வளவு நெருக்கடியிலும் உன் அப்பா அதைத் தொட்டதில்லை. சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகனின் கதையை நீதானே எனக்குச் சொன்னாய்? 1921இல் உலகமே கொண்டாடிய அந்தப் பையன், வளர்ந்து வந்து பார்த்தபோது சம்பாதித்ததில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. பெற்ற தாய் மேலேயே வழக்குப் போட்டான். அதற்குப் பிறகுதான் 1939இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் சம்பளத்தைக் காப்பாற்றச் சட்டம் வந்தது. உன் சி.ஏ. படிப்புக்கு நீயே சம்பாதித்த பணம் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

பிளஸ் டூ முடித்த கையோடு, கதாநாயகியாகக் கேட்டு வந்தவர்களை நீ வேண்டாம் என்று அனுப்பினாய். ரத்தத்தில் ஓடுவதை விடுகிறாளே என்று சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து வருத்தப்பட்டார்கள். நீ அந்தப் பேச்சை இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று போனில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்கிறேன், கேள். ஒரு தீபாவளிக்கு வந்தபோது நீ பட்சணத்தைக்கூடத் தொடாமல் லேப்டாப்பில் இருந்தாய். ஒரு கம்பெனி பங்கு வெளியிடுவதற்கு முன்னால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் கொடுக்கும் வரைவு என்றாய். பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாய். எங்கள்மேல் இந்த வழக்குகள் இருக்கின்றன, எங்கள் வியாபாரம் இன்ன வாடிக்கையாளர்களை நம்பி இருக்கிறது, எங்களுக்கு இவ்வளவு கடன் என்று அந்தக் கம்பெனி தன்னைப் பற்றித் தானே எழுதியிருந்தது. யாரோ முகம் தெரியாதவர்கள் பணம் போடப் போகிறார்கள், அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றாய். எல்லாவற்றையும் சரிபார்த்தோம் என்று உங்கள் வங்கி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றாய். அன்றைக்கு ராத்திரி எனக்கு வடபழனி வீட்டுக் கூடம்தான் ஞாபகத்தில் இருந்தது. நம் பக்கம் உட்கார்ந்து அப்படி நாலு தாளைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் போதும். நடிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் குடும்பத்தில் எப்போதும் இருந்தார்கள். அன்று இல்லாமல் போன ஆள் நீதான்.

சரி, பணத்துக்கு வருகிறேன். சித்தப்பா கேட்பது தப்பில்லை. தாத்தா பெயரில் ஒரு படம் என்பது அவர் மனதில் ரொம்ப நாளாக இருக்கும் ஆசை. ஆனால் நீ மகளாகப் பணத்தைக் கொடுக்காதே. மும்பை பாந்திராவில் உன் ஆபீஸ் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்கிற முதலாளியிடம் கேட்பதையெல்லாம் அவரிடமும் கேள். பட்ஜெட் எங்கே? சாட்டிலைட், ஓடிடி உரிமை விற்றாகிவிட்டதா, பேச்சு அளவில்தானா? வெளியே எவ்வளவு கடன், வருகிற பணத்தில் முதல் பங்கு யாருக்கு? அன்று பெட்டி வரவில்லை என்பார்கள். இன்று படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கே.டி.எம். வரவில்லை என்று காலைக் காட்சி ரத்தாகிறது. காரணம் பெரும்பாலும் அதே பழைய பாக்கிதான். எழுத்தில் பதில் வந்து, உனக்குத் திருப்தியாக இருந்தால் போடு. இல்லையென்றால் வேண்டாம். அவர் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். உன் பிளாட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடமானம் வைக்காதே.

இந்தக் குடும்பத்துக்கு எதையாவது செய்தே தீர வேண்டும் என்றால் வேறு வேலை இருக்கிறது. அத்தை பேத்திக்கு ஒரு சீரியலில் வாய்ப்பு வந்திருக்கிறது. அவளுக்கு வயது ஏழு. ஒப்பந்தத்தை நான் படித்துப் பார்த்தேன். சம்பளம் "பாதுகாவலர் கணக்கில்" என்று இருக்கிறது, நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2017இல் வந்த விதிகளைப் பற்றி நீ முன்பு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கலெக்டர் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் நேராகக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். அத்தையிடம் நான் இதைச் சொன்னால், வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்று பயப்படுகிறாள். நீ சொன்னால் கேட்பாள். நீ அந்த இடத்தில் நின்றவள், இந்தத் தாளையும் படிக்கத் தெரிந்தவள்.

20 சதவீதம் சட்டம் கேட்கிற குறைந்த அளவுதான். அவளுக்கு அதைவிட அதிகமாக எழுதி வாங்க முடியுமா என்று பார். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து என்கிறார்கள், அதற்குள் அத்தைக்கு போன் செய்.

அன்புடன்,
அம்மா
சாலிகிராமம்