வெயிலை நம்பிக் கையுறையை விட்டுப் போனவன் எழுதுவது

ஸ்டாக்போர்ட்,
ஏப்ரல் 21

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மதினிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும், உன் மூத்தவன் மாற்றல் வாங்கித் தென்காசிக்கே வந்துவிட்டதும் படித்து இங்கே இருவருக்கும் பெரிய நிம்மதி. மே மாதக் கடைசியில் நீங்கள் வருவது உறுதி என்று எழுதிவிட்டு, கூடவே இரண்டு கேள்விகளும் கேட்டிருக்கிறாய். இடது முழங்காலை வைத்துக்கொண்டு எங்களோடு மலை ஏற முடியுமா என்பது ஒன்று. ஆள் நடமாட்டமே இல்லாத மலையில் நாயை எதற்குக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிறீர்கள் என்பது இன்னொன்று. போன சனிக்கிழமை கிண்டர் ஸ்கவுட் மலைக்குப் போய்வந்ததை எழுதினாலே இரண்டுக்கும் பதில் சொன்னதாகிவிடும்.

நாங்கள் ஏழு பேர், இரண்டு நாய்கள். நானும் மனைவியும், மகளும் மருமகனும், ஒன்பது வயதுப் பேரனும், என்னோடு இருபது வருடம் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யார்க்‌ஷயர்க்காரரும் அவருடைய மனைவியும். நாய்களில் ஒன்று எங்கள் மணி, நாலு வயது லாப்ரடார். பேரன் அதற்கு ஏதோ விண்வெளி வீரன் பெயரை வைக்கப் பார்த்தான். ‘நாய் என்றால் மணிதான்’ என்று அவனுடைய ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மற்றது நண்பருடைய பார்டர் டெரியர், பதினொரு வயதுக் கிழம். மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகும் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மலையடிவாரத்து ஈடேல் கிராமம் வந்துவிடும். நாய்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதை நீ நம்பமாட்டாய்.

கிண்டர் 636 மீட்டர், அதாவது நம் அகத்தியர் மலையில் மூன்றில் ஒரு பங்குதான். உயரத்தைக் கேட்டுவிட்டு அலட்சியமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் என் பெயரும் உண்டு. மேலே சிகரம் என்று ஒன்று கிடையாது. ஏறி முடித்தால் கண்ணுக்கெட்டிய வரை பீட் என்கிற கறுப்பு மண் பரந்து கிடக்கும். பாசி ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செத்து அமுங்கி உண்டான மண் அது. மழை பெய்தால் ஊறிய ரொட்டி போல ஆகிவிடும். மான்செஸ்டரும் ஷெஃபீல்டும் கக்கிய ஆலைப்புகையில் மேலிருந்த பாசி பட்டுப்போக, மண் வாய்க்கால் வாய்க்காலாக அரித்துக்கொண்டு போயிற்று. இப்போது அந்த வாய்க்கால்களுக்குக் கல்லாலும் மரத்தாலும் சின்னச் சின்ன அணை போட்டு, பாசியைத் திரும்பவும் நட்டு வருகிறார்கள்.

இங்கே உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை வரை 430 கிலோமீட்டர் போகிற பென்னைன் வழியில், சதுப்பாகக் கிடக்கும் பல இடங்களில் அகலமான கற்பலகைகளைப் பாவியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் இடிக்கப்பட்ட பழைய நூற்பாலைகளின் தரையிலிருந்து பெயர்த்த கற்கள் அவை. சிலவற்றில் எந்திரத்தை முடுக்கியிருந்த துளைகள் அப்படியே இருக்கின்றன. மழைத் தண்ணீர் அவற்றில் வட்டமாக நிற்கும். முப்பது வருடம் விக்கிரமசிங்கபுரம் மில்லில் மூன்று ஷிப்டும் நின்ற மனிதர், தன்னுடைய எந்திரத்துக்குக் கீழே இருந்தது போன்ற ஒரு கல் மலை மேல் ஆடு மேயும் வழியில் கிடப்பதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்? ‘வழுக்கும், பார்த்து நட’ என்றுதான் சொல்லியிருப்பார்.

இனி வானிலை. ரயிலை விட்டு இறங்கும்போது பதினோரு டிகிரி, நல்ல வெயில். பேரன் மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான். கடைசி வீட்டைத் தாண்டுவதற்குள் ஒரு தூறல். பண்ணை வீட்டுக்கு வந்தபோது மறுபடி வெயில். வெயிலோடே இன்னொரு மழை. ‘காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்’ என்று பேரனுக்குச் சொன்னேன். இங்கே காக்காயும் உண்டு நரியும் உண்டு என்பதால் அவன் அதை முழுதாக நம்பிவிட்டான். குற்றாலச் சாரலைப் போல இதமானது என்று மட்டும் நினைத்துவிடாதே. ஏப்ரல் மாதத்தில் வெயில் தரையைச் சூடாக்கிவிடுகிறது, மேலே காற்றோ இன்னும் வட துருவத்துக் குளிரோடு இருக்கிறது. கீழிருந்து எழும் வெப்பக் காற்று அந்தக் குளிருக்குள் புகுந்து மேகமாகி, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கொட்டிவிட்டுப் போகும். மழையாகவும் கொட்டும், ஆலங்கட்டியாகவும் கொட்டும்.

ஏற்றம் ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படி வழியாக. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேக்கப் என்ற விவசாயி, பொதிக்குதிரையை வளைந்த பாதையில் விட்டுவிட்டுத் தான் குறுக்கே ஏறுவதற்காக வெட்டிய படி என்று சொல்கிறார்கள். குதிரை வந்து சேரும் வரை அவர் மேலே உட்கார்ந்து புகை பிடித்திருப்பார் போலும். அதற்கு முன்னால், கல் மதிலைத் தாண்ட வைத்திருந்த ஒரு மரப்படியில் மணி முன்னங்காலை வைத்துவிட்டு மேற்கொண்டு ஏற மறுத்துவிட்டது. மருமகன் பின்புறத்தைத் தாங்க, நான் மார்பைத் தாங்க, முப்பது கிலோவை மதிலுக்கு மேலே தூக்கினோம். அந்தரத்தில் தொங்கியபடி அது என் கன்னத்தை நிதானமாக நக்கியது. டெரியரை நண்பருடைய மனைவி காய்கறிப் பையைப் போல அக்குளில் இடுக்கிக்கொண்டு தாண்டிவிட்டார். ‘லாப்ரடார் வாங்குகிறவர்கள் மதிலை நினைத்துப் பார்ப்பதில்லை’ என்றார்.

நாய்க்கயிற்றைப் பற்றிக் கேட்டாயே, இந்த மலையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற நிலையே சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மலையின் அந்தப் பக்கத்து ஹேஃபீல்டிலிருந்து சில நூறு தொழிலாளர்களும் இளைஞர்களும், பறவை வேட்டைக்காகப் பிரபுக்கள் அடைத்து வைத்திருந்த இந்த மேட்டுக்குள் வேண்டுமென்றே நுழைந்தார்கள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மன், இருபது வயது. வேட்டைக்காட்டுக் காவலாளிகளோடு கைகலப்பு ஆகி, ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ராத்மனுக்கு நாலு மாதம். 1951இல் இந்த வட்டாரம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. பாதையை விட்டு விலகியும் மேட்டு நிலத்தில் நடக்கலாம் என்ற உரிமையை இங்கிலாந்து முழுவதற்கும் தந்தது 2000ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டமே, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அப்படிப்பட்ட நிலத்தில் நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது; ஆடுமாடுகளுக்குப் பக்கத்தில் என்றால் வருடம் பூராவும். காரணம், பறவைகள் தரையிலேயே முட்டையிடும் மாதங்கள் அவை. கோடியக்கரைச் சேற்றில் நீயும் நானும் பார்த்தோமே, வளைந்த நீள அலகுப் பறவை, அந்த இனம் இங்கே மலையில் புல்லுக்குள் கூடு கட்டும். அதன் குரல் நீர் கொப்பளிப்பது போல மேலே மேலே ஏறிப் போகும். கேட்டால் எதற்காக ஏறினோம் என்பது மறந்துவிடும்.

இதையெல்லாம் மணிக்கு யார் சொல்வது? கிண்டர் லோ பாறைக்குக் கொஞ்சம் முன்னால், முப்பதடி தூரத்தில் ஒரு மலைமுயல் எழுந்து நின்றது. குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு. ஏப்ரலில் இரண்டும் திட்டுத்திட்டாக, பாதி வெள்ளையடித்து நிறுத்திய சுவர் போல இருக்கும். இங்கிலாந்தில் இந்தப் பகுதியில் மட்டும்தான் உண்டு. நான் அதன் நிறத்தை ரசித்துக்கொண்டிருந்தபோது மணி பாய்ந்தது. கயிறு என் மணிக்கட்டில் சுற்றியிருந்ததால் நானும் பாய்ந்தேன். இரண்டு முழங்காலும் பீட் சேற்றில் புதைய, முயலுக்கு நமஸ்காரம் செய்தவனைப் போல் கிடந்தேன். முயல் அவசரமே இல்லாமல் போய்விட்டது. உன் சிப்பிப்பாறை நாயாக இருந்திருந்தால் என் தோளையும் கொண்டுபோயிருக்கும். குட்டி போடும் பருவத்தில் ஆட்டை விரட்டும் நாயைச் சுட்டுவிட்டாலும் சட்டம் பண்ணைக்காரர் பக்கம் நிற்கக்கூடும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்: கன்றோடு இருக்கும் மாடுகள் நாயைக் கண்டு திரண்டு வந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் ஓடித் தப்பித்துவிடும். பிடித்துக்கொண்டு நின்றால் மிதிபடுவது நாம்தான்.

பாறைக்கு வந்து சேர்ந்ததும் மேற்கே வானம் ஈய நிறமானது. ஐந்து நிமிடத்தில் மேகம் எங்கள் மேலேயே இறங்கி, ரவையை அள்ளி எறிவது போல ஆலங்கட்டி பக்கவாட்டில் அடித்தது. நானூறு மீட்டர் ஏறினால் குளிர் மூன்று டிகிரிக்குள்தான் கூடும். மிச்சத்தையெல்லாம் காற்று செய்கிறது. பேரனுடைய கையுறை ஏற்கெனவே நனைந்திருந்தது. மாற்றுக் கையுறைகளும் நாய்க்கான கம்பளிச் சட்டையும் வைத்திருந்த பையை, ‘இந்த வெயிலுக்கு எதற்குச் சுமை’ என்று காலையில் வாசலிலேயே இறக்கி வைத்தவன் நான். மனைவி இரண்டு தடவை கேட்டாள். அவன் விரல்கள் வெளுத்துப் போயின. அழவில்லை, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. குழந்தை பேச்சை நிறுத்துவதுதான் பயப்பட வேண்டிய விஷயம். டெரியரோ ஒரு கல்லுக்குப் பின்னால் போய் நின்று நடுங்கியது. தரைக்கு அவ்வளவு நெருக்கமான வயிறு அதற்கு.

மகள் தன் காலுறையைக் கழற்றிப் பிள்ளையின் கையில் மாட்டிவிட்டு, ‘அப்பா, திரும்பலாம்’ என்றாள். எனக்கு மனமில்லை. இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் கிண்டர் டவுன்ஃபால் அருவி. முப்பது மீட்டர் விழுகிற தண்ணீர், மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கீழே விழாமல் வானத்தைப் பார்த்துப் பறக்கும். அன்றைக்கு அந்தக் காற்று இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் யார்க்‌ஷயர்க்காரர் டெரியரைத் தன் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்த வழியே நடக்கத் தொடங்கிவிட்டார். பேச்சு முடிந்தது. மருமகனுடைய கைபேசி குளிரில் அணைந்துவிட, காகித வரைபடத்தை விரித்துக் காம்பஸை வைத்துத்தான் படியின் தலைமாட்டைக் கண்டுபிடித்தோம்.

படியில் பாதி இறங்கியபோது வெயில் வந்தது. பளிச்சென்று, பள்ளத்தாக்கு முழுக்க, ஒன்றுமே நடக்காதது போல. மேலே போயிருக்கலாமே என்று என் வாயில் வந்துவிட்டது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. மேட்டின் மேல் அடுத்த கறுப்பு மேகம் உட்கார்ந்திருந்ததைப் பேரன்தான் கையை நீட்டிக் காட்டினான், இன்னும் அம்மாவின் காலுறைக்குள் இருந்த கையை. ஒரு மதிலோரம் ஒதுங்கிப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். நண்பருடைய மனைவிக்கு அதில் வரும் கடலைப்பருப்பு பிடித்துப்போய், பொறுக்கிப் பொறுக்கித் தின்றார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் உண்ணிச் சோதனை. மணியின் காதுமடலில் ஒன்று, எள்ளளவுதான், கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நாம் மாட்டுக்கு எண்ணெய் தடவியது போலச் செய்யக்கூடாது. கொக்கி போன்ற ஒரு சின்னக் கருவியை அடியில் நுழைத்து மெல்லத் திருப்பி எடுக்க வேண்டும். உண்ணி மூலம் மனிதருக்கு வரும் லைம் என்ற நோய் இங்கே உண்டு.

இனி உன் முழங்காலுக்கு வருகிறேன். ஏற்றம் உன்னால் முடியும். உன் முழங்கால் முரண்டு பிடிக்கப்போவது இறக்கத்தில்தான், அதுவும் அந்தக் கற்படியில். ஆகவே இரண்டு ஊன்றுகோல் வாங்கி வைக்கிறேன், நான்கு நாள் பள்ளத்தாக்கில் நடந்து பழகிவிட்டு, வானம் பார்த்து ஒரு நாள் படியின் தலைமாடு வரை போவோம். அதற்கு மேல் போவதா என்பதை மகள் சொல்வாள். வேட்டியும் பருத்திச் சட்டையும் வீட்டோடு இருக்கட்டும்; நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். மழைச்சட்டை என்னிடம் இரண்டு இருக்கிறது, மதினிக்கும் ஆகும்.

பூட்ஸ் மட்டும் உன் அளவுக்கு இங்கேயே வாங்க வேண்டும். சின்ன வயதில் செருப்புக்கு அளவு கொடுத்தது போல, ஒரு தாளில் இரண்டு காலையும் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. காலையில் எடுக்காதே; சாயங்காலம், கொஞ்ச தூரம் நடந்து வந்த பிறகு, கெட்டியான காலுறை போட்டுக்கொண்டு நின்று எடு. மதினியின் காலுக்கும் அப்படியே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்