யாருடைய நினைவாற்றல் கூடியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கான மூலிகை மருந்துகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நீர்ப்பிரம்மி நினைவாற்றலைக் கூட்டுவது ஆய்வில் நிரூபணமானது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். யாருடைய நினைவாற்றலை? மறதி நோய் வந்த அப்பாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

நீர்ப்பிரம்மி சோதனைகளில் பெரும்பாலானவை நோய் இல்லாதவர்களிடம், சில மாதங்களே நடந்தவை. வாசித்துக் காட்டிய சொற்களைத் திருப்பிச் சொல்வது போன்ற தேர்வுகளில் சிலவற்றில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் சொந்த வீட்டிலேயே குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கிறவருக்கும் அது உதவும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஜின்கோ என்ற மரத்தின் இலைச்சாற்றுக்கு நோயைத் தடுக்கும் சக்தி உண்டு என்றும் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆன, டிமென்ஷியா இல்லாத 3,069 பேரில் ஒரு பாதிக்கு ஜின்கோ, மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது. சுமார் ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். ஜின்கோ சாப்பிட்ட 1,545 பேரில் 277 பேருக்கும், போலி மாத்திரை சாப்பிட்ட 1,524 பேரில் 246 பேருக்கும் டிமென்ஷியா வந்தது. 2008இல் வெளியான இந்த முடிவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

போலி மாத்திரையோடு ஒப்பிடுவது ஏன் அவசியம் என்பது இந்த நோயாளியோடு வாழ்கிறவர்களுக்குப் புரியும். ஒரு நாள் அப்பா சட்டைப் பொத்தானைத் தானே சரியாகப் போட்டுக்கொண்டு, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மறுநாள் நான் யாரென்றே தெரியாது. நல்ல நாளுக்கு முந்தின வாரம் எந்தப் பொடியை ஆரம்பித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். வீட்டில் இருக்கிறவர்களின் ஆசை அப்படி.

மூலிகை என்றாலே ஒதுக்குகிறவள் இல்லை நான். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் நோய்க்கு டாக்டர்கள் எழுதித் தரும் கேலன்டமைன், பனித்துளிப்பூ வகைச் செடியிலிருந்து கிடைத்ததுதான். அதுவும் நோயைக் குணப்படுத்தாது. அறிகுறிகளைச் சிலருக்குக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தும். குமட்டல் வரும், நாடித்துடிப்பு குறையலாம். இவ்வளவையும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்ததால்தான் நமக்குச் சொல்ல முடிகிறது. மற்ற மூலிகைகளுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம், அவசரமாக ஒன்று. வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ஜின்கோவும் சேர்த்து எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். வயதானவர்களில் பலர் இந்த மருந்துகளில்தான் இருக்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம் என்று அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி