பி.ஃபார்ம் கடைசிப் புகலிடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கல்விச் சிறப்பிதழில் மேற்படிப்பு பற்றி வந்த நீண்ட கட்டுரையில் ஃபார்மசி பட்டப்படிப்பான பி.ஃபார்முக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. “நீட்டில் கோட்டை விட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், கடைசியில் பி.ஃபார்ம் இருக்கவே இருக்கிறது.” தங்கள் இதழைப் பல வருடங்களாக வாங்கிப் படிக்கும் மருந்தாளுநர் நான். அந்த வரி என் மனத்தைப் புண்படுத்தியது. அதைவிட, அது தவறு.

மகாராஷ்டிராவில் மாநில ஒதுக்கீட்டு பி.ஃபார்ம் இடங்களுக்கு மாநில நுழைவுத் தேர்வான எம்எச்டி-சிஇடி மதிப்பெண்தான் கணக்கு. நீட் முடிவு வருவது ஜூனில். அதற்குள் சிஇடி எழுதியே முடித்திருப்பார்கள், பதிவு அதற்கும் முன்பே மூடிவிடும். இது தங்களுக்குத் தெரியாததல்ல. பிறகு எந்தக் “கடைசியில்” பி.ஃபார்ம் காத்துக்கொண்டிருக்கிறது?

போன வருடம் இதே மாதிரி அறிவுரையை யாரோ சொல்லக் கேட்டு எங்கள் தெருவில் ஒரு பெண் சிஇடிக்கு விண்ணப்பிக்காமல் விட்டாள். அப்பா இட்லி வியாபாரம். நீட் கைகொடுக்கவில்லை என்றதும் ஓர் ஏஜென்ட் அவர்களை டி.ஃபார்ம் (ஃபார்மசி டிப்ளமோ) கல்லூரி ஒன்றுக்கு அழைத்துப் போனார். பணம் கட்டிய பிறகுதான் என்னிடம் வந்தார்கள். இந்திய ஃபார்மசி கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயரே இல்லை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. பெண்ணை அங்கே சேர்க்கவில்லை, ஆனால் கட்டிய பணம் இன்றுவரை திரும்பவில்லை.

நம் தமிழ் மக்களுக்கு இங்கே மும்பையில் இருக்கும் சிக்கல்களையாவது கட்டுரை தொட்டிருக்கலாம். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் மகாராஷ்டிராவில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்பது தாராவியில் எத்தனை பேருக்குக் கவுன்சலிங் நேரத்தில்தான் தெரிகிறது! ஊரில் பாட்டி வீட்டில் தங்கி ப்ளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் எந்தப் பிரிவில் வருவோம் என்றே புரிவதில்லை. உயிரியல் எடுக்காவிட்டாலும் இயற்பியல், வேதியியலோடு கணிதம் படித்திருந்தால் பி.ஃபார்ம் சேரலாம். இதைச் சொல்ல இன்னொரு வரி போதும்.

அப்புறம், இந்த இளக்காரம். “மாத்திரை எடுத்துக் கொடுக்க நாலு வருஷப் படிப்பா?” என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டிய மருந்து. தினமும் ஒன்று என்று எழுதிய சீட்டு ஒருநாள் என் கைக்கு வந்தது. அப்படியே கொடுத்திருந்தால் அந்த அம்மாவின் ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போயிருக்கலாம். நான் டாக்டருக்குப் போன் செய்து திருத்த வைத்தேன். நீட்டில் தோற்றதால் நான் இந்தப் படிப்புக்கு வரவில்லை. வேதியியல் பிடித்து, விரும்பித்தான் வந்தேன்.

1948ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருத்துவர் எழுதும் மருந்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் எத்தனை கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, ஆள் வேறு எங்கோ இருக்கிறார்! இந்த வாடகைச் சான்றிதழ் வியாபாரத்தைப் பற்றித் தங்கள் இதழில் நான் இதுவரை ஒரு கட்டுரைகூடப் பார்த்ததில்லை. கல்லூரிகளுக்குக் கவுன்சில் அனுமதி தாமதமாகி, சேர்க்கைச் சுற்றுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போவதைப் பற்றியும் இல்லை. அந்த இடைவெளியில்தான் பெற்றோர் பயந்துபோய் ஏஜென்ட்டுகளிடம் மாட்டிக்கொள்கிறார்கள். யாருக்கும் வேண்டாத படிப்பு என்று பத்திரிகைகளே எழுதினால், இதையெல்லாம் யார் கேட்பார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். டிசம்பர் இதழில், சிஇடி பதிவு எப்போது, என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும், கல்லூரியின் அங்கீகாரத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று அரைப் பக்கம் தமிழில் வெளியிடுங்கள். விவரங்களை எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
சயான் கோலிவாடா, மும்பை
(பெயர் வெளியிட வேண்டாம்)