வீட்டுத் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. விதைப் பரிமாற்றமும் செடிக் கண்காட்சியும் நடந்தேறின. மண்புழு உரப் பயிற்சிக்கு வந்தவர்கள் பயன்பெற்றதாகச் சொன்னார்கள். சங்க நூலகத்துக்குச் சில புத்தகங்கள் வந்தன; இரவல் போனவற்றில் சில இன்னும் திரும்பவில்லை.

இந்த ஆண்டின் பெரும்பணி, இலைத்துளைப்பான் ஈயின் உணவுத் தாவரப் பதிவேடு, அதாவது அந்த ஈயின் புழு எந்தெந்தச் செடிகளின் இலைகளில் வளர்கிறது என்ற குறிப்பு. ஓர் ஈக்கு இவ்வளவு உழைப்பும் செலவும் தேவையா என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்தது. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

தக்காளி, அவரை, வெள்ளரி இலைகளில் வெள்ளைக் கோடுகள் பாம்பு ஊர்ந்த தடம்போல் நெளிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது பெரும்பாலும் லிரியோமைசா டிரைஃபோலி என்னும் ஈயினுடைய புழுவின் வேலை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த ஈக்கு 1880இல் அறிவியல் பெயர் கிடைத்தது. 1970களிலிருந்து சாமந்தி நாற்றுக்குச்சிகளோடு சேர்ந்து பல நாடுகளுக்கும் பரவியது. வளர்ந்த ஈயின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். பெண் ஈ முட்டையிடும் உறுப்பால் இலையைக் குத்தி, கசியும் சாற்றைக் குடிக்கும். ஆண் ஈயால் குத்த முடியாது, பெண் போட்ட துளைகளில்தான் அதுவும் குடித்தாக வேண்டும். இலையில் தெரியும் வெளிர்புள்ளிகள் இவைதாம். அவற்றில் சிறு பங்கில் மட்டுமே முட்டை இருக்கும்.

முட்டை 2 முதல் 5 நாளில் பொரிந்துவிடும். புழு இலையின் மேல்தோலுக்கு அடியிலுள்ள பச்சையத் திசுவைத் தின்றுகொண்டே நகர்கிறது. அது பருக்கப் பருக்கக் கோடும் அகலமாகும். கோட்டின் இரு ஓரங்களிலும் மாறி மாறிக் கருப்பாகத் தெரிவது அதன் எச்சம். வெப்பமான பருவத்தில் 4 முதல் 7 நாளில் புழு முழு வளர்ச்சி அடைந்துவிடும். பிறகு, பெரும்பாலும் காலை வேளையில், இலைத்தோலை அரைவட்டமாகக் கீறி வெளியேறி, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது.

அதாவது, கோடு பளிச்சென்று நம் கண்ணில் படும்போது பல சமயம் உள்ளே புழுவே இருக்காது. வெறும் கோட்டைப் பார்த்துப் பதறி மருந்து அடிக்கிறோம். உள்ளே இருக்கும் புழுவையோ இலைத்தோல் காப்பாற்றிவிடுகிறது. பல மருந்துகளுக்கு இந்த ஈ பழகியும் விட்டது. செத்துப்போவது அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகள்தாம். அவற்றில் டிக்லிஃபஸ் ஐசியா என்ற சிறு குளவி, புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, பக்கத்தில் முட்டையிடும். குளவியின் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று முடித்து, கோட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். பாதியில் நின்றுபோன கோடும், உள்ளே பழுப்பேறிக் கிடக்கும் புழுவும் நமக்கு நல்ல செய்தி. அந்த இலையைப் பறித்து எரிக்கவே கூடாது.

இதை உறுப்பினர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்றுதான் பதிவேட்டைத் தொடங்கினேன். கோடு விழுந்த இலையை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, செடியின் பெயர், தேதி, மருந்து அடித்ததா இல்லையா என்ற விவரத்தோடு தர வேண்டும். வெளிவருவது ஈயா குளவியா என்பதை நான் குறித்துக்கொள்வேன். கைலென்சும் புட்டிகளும் வாங்கிய செலவு இதற்காகத்தான்.

இந்த ஈ சேர்ந்திருக்கும் அக்ரோமைசிடே என்னும் பூச்சிக் குடும்பத்தில் பெரும்பாலான இனங்கள் ஏதோ ஒரு தாவரக் குடும்பத்தோடு நின்றுவிடும். இந்த ஈயோ 25க்கும் மேற்பட்ட குடும்பங்களில் வளர்கிறது. நம் பதிவேட்டில் ஆமணக்கு, தட்டைப்பயறு, பீர்க்கு, தக்காளி, துலுக்கச் சாமந்தி, ஜெர்பரா ஆகியவை ஏறியிருக்கின்றன. பாத்தி காலியாக இருக்கும் நாட்களில் ஓரத்துக் களைகளிலும் ஈ காலம் தள்ளுகிறது, அங்கேயே குளவியும் பிழைத்துக் கிடக்கிறது. மருந்து படாத பாத்தி இலைகளிலிருந்துதான் குளவிகள் கூடுதலாக வந்தன. எலுமிச்சை இலைகளைச் சிலர் ஆர்வத்தோடு கொண்டுவந்தார்கள். அதில் கோடு போடுவது ஈ அல்ல, ஓர் அந்துப்பூச்சியின் புழு. அதன் எச்சம் கோட்டின் நடுவில் ஒரே இழையாக ஓடும். அவற்றைத் தனியே வைத்திருக்கிறேன்.

மனம் வருந்தும் விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தொடக்கக் கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் கைதூக்கிப் பெயர் கொடுத்தார்கள், புட்டியும் வாங்கிப் போனார்கள். விவரத்தோடு இலை தந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேதி இல்லாமல், செடியின் பெயர் இல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போன புட்டிகளை நான் பதிவு செய்யவில்லை, செய்யவும் முடியாது. கூட்டத்துக்கே வராதவர்கள், பதிவேட்டால் என்ன பயன் என்று வெளியில் பேசுவது கேட்டும் வருத்தப்பட்டேன். சந்தா விஷயமும் இப்படித்தான். நினைவூட்டல் போனது, நேரிலும் கேட்டாகிவிட்டது. இரண்டு ஆண்டாகத் தராதவர்களின் பெயரை இங்கே படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வைத்திருக்கிறார். வரவுக்குள் செலவு அடங்கியது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. காரணம் பதிவேடு அல்ல, வராத சந்தா.

இடம் தந்தவர்களுக்கும், கண்காட்சிக்கு உழைத்தவர்களுக்கும், கணக்கைச் சரிபார்த்தவருக்கும், தவறாமல் இலை கொண்டுவந்த அந்தச் சிலருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்போடு பதிவேட்டையும் தனி ஒருவராகச் சுமக்க என்னால் இயலாது. பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மனமாரக் கொடுப்பேன். பதிவேடு நடக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் காலையில் தோட்டத்தைச் சுற்றிவந்து, புழு உள்ளே இருக்கும்போதே இலையைப் பறித்துத் தர வேண்டும். பெயர் கொடுக்கும் தாள் மேசைமேல் இருக்கிறது, சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

செயலாளர்