ஆஃபலியிலிருந்து ஒரு கடிதம்

டலமோர், அயர்லாந்து

அன்புள்ள ராகவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி நடைக்குப் போகிறீர்கள் என்று படித்து நிம்மதி அடைந்தேன். இங்கு அனைவரும் நலம்.

2024 நவம்பர் தேர்தலில் பசுமைக் கட்சி 12 இடங்களிலிருந்து ஒன்றுக்குச் சரிந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ஆஃபலி கவுண்டியில் (மாவட்டத்தில்) தோற்ற பிப்பா ஹாக்கெட்டைப் பற்றி எழுதினால் பாதி விடை கிடைத்துவிடும். கீஷில் கிராமத்தில் ஆடு மாடுகளும் பயிருமாக இயற்கை விவசாயம் செய்பவர் அவர். 2019 மே மாதம் கவுண்டி கவுன்சிலுக்குத் தேர்வாகி, அவ்வாண்டு நவம்பரிலேயே செனட்டரானார். 2020இல் நிலப் பயன்பாட்டுக்கும் பல்லுயிர்ப் பாதுகாப்புக்குமான இணை அமைச்சரானார்.

இயற்கை முறைக்கு மாறும் நிலத்துக்குச் சான்றிதழ் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை விதிகள் அனைத்தையும் கடைப்பிடிக்க வேண்டும், விளைபொருளுக்கோ பழைய விலைதான். இந்த நெருக்கடியைத் தம் வயலிலேயே அறிந்தவர் என்பதால்தான், அந்தத் தொடக்க ஆண்டுகளுக்குக் கூடுதல் உதவித்தொகை தரும் திட்டத்தை அவரால் அத்தனை உறுதியாக முன்னெடுக்க முடிந்தது என்று நினைக்கிறேன். நாட்டின் விவசாய நிலத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடாக இருந்த இயற்கை விவசாயம், 2024க்குள் 5 விழுக்காட்டை எட்டியது. அவர் பணியில் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான்.

ஆனால் ஆஃபலி சதுப்பு நிலப் பூமி. அந்நிலத்திலிருந்து வெட்டி உலர்த்தி எரிபொருளாக்கும் டர்ஃப் என்ற கரிமண் கட்டிகளைக் குளிர்காலத்துக்கென்று வீட்டுச் சுவரோரம் அடுக்கிவைப்பது இங்கே தலைமுறை வழக்கம். பலருக்கு அதுவே பிழைப்பு. இந்தக் கரிமண்ணை எரித்து மின்சாரம் தயாரித்த ஷானன்பிரிட்ஜ் மின்நிலையத்தை மூடும் முடிவு 2019லேயே அறிவிக்கப்பட்டது. பசுமைக் கட்சி ஆட்சியில் சேர்ந்ததோ 2020 ஜூனில். ஆயினும் நிலையம் அவ்வாண்டு டிசம்பரில் மூடப்பட்டபோது பழி அக்கட்சியின் தலையில்தான் விழுந்தது. 2022இல் டர்ஃப் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்ததும் கசப்பு முற்றியது. வேலை இழந்தவர்களின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்; அவர்களுக்கு மாற்று வழி போதிய வேகத்தில் வந்து சேரவில்லை.

2024 ஜூலையில் கட்சித் தலைமைக்கும் போட்டியிட்டு, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் அவர் தோற்றார். 2027க்குள் இயற்கை விவசாயத்தை 7.5 விழுக்காடாக்குவதாக அன்றைய கூட்டணி அரசு வாக்களித்திருந்தது. அடுத்து வந்த அரசு அந்த உதவித்தொகையில் கைவைக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இப்போது என் கவலை. அடுத்த வரவுசெலவுத் திட்டம் வந்ததும் விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
சிவராமன்